மலையும் ஏரியும்: காஞ்சியைச் சூழ்ந்த பல்லவர் குடைவரைகள்

வேகவதிக்கும் பாலாற்றுக்கும் இடையே வண்டல் படிந்த சமவெளியில் அமைந்திருக்கும் காஞ்சிபுரம் நகருக்குள் உளி வைத்துக் குடையத்தக்க குன்று எதுவும் இல்லை. ஆயினும் வட தமிழகத்தில் பாறையைக் குடைந்து கோயில் எடுக்கும் வழக்கத்தை வேரூன்றச் செய்தவர்கள் இந்நகரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பல்லவர்களே. அவர்களுடைய தொடக்ககாலக் குடைவரைகள், அதாவது மலைச்சரிவையோ தனிப்பாறையையோ உட்புறமாகக் குடைந்து உருவாக்கிய கோயில்கள், தலைநகருக்கு வெளியே மாமண்டூர், குரங்கணில்முட்டம், மகேந்திரவாடி, வல்லம், பல்லாவரம், சீயமங்கலம், தளவானூர், மண்டகப்பட்டு என நாற்புறமும் சிதறிக் கிடக்கின்றன. நகரில் பாறை இல்லாததால் பாறை உள்ள இடத்துக்குப் போனார்கள் என்று இதற்குச் சுருக்கமாக விடை சொல்லிவிடலாம். ஆனால் தொண்டை மண்டலத்தில் குன்றுகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் எந்தக் குன்றைத் தேர்ந்தார்கள், ஏன் தேர்ந்தார்கள் என்பதை ஆராயும்போதுதான் இக்கோயில்களின் வரலாறு சமய வரலாறு என்ற எல்லையைத் தாண்டி நீர்ப்பாசன வரலாறாகவும் விரிகிறது.

இவ்வரலாற்றில் நாள் குறித்துச் சொல்லத்தக்க முதல் ஆள் மகேந்திரவர்மன். ஏறத்தாழ கி.பி. 590 முதல் 630 வரை ஆண்டவராகக் கொள்ளப்படும் இம்மன்னர், விசித்திரசித்தன், குணபரன், மத்தவிலாசன், சத்துருமல்லன், லளிதாங்குரன், அவனிபாஜனன் எனப் பல விருதுப்பெயர்களைச் சூடிக்கொண்டவர். காஞ்சி நகரத்துத் தெருக்களைக் களமாகக் கொண்டு, காபாலிகரையும் பௌத்தத் துறவியையும் ஒருங்கே எள்ளிநகையாடும் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற வடமொழி அங்கத நாடகத்தின் ஆசிரியர். குடைவரைகளை அடையாளம் காண ஆய்வாளர்களுக்கு உதவியவை இவ்விருதுப்பெயர்களே. தளவானூர்க் குடைவரை சத்துருமல்லேசுவரம் என்றும், சீயமங்கலத்துக் குடைவரை அவனிபாஜன பல்லவேசுவரம் என்றும், திருச்சிராப்பள்ளி மலையின் மேற்குடைவரை லளிதாங்குர பல்லவேசுவரம் என்றும் அவருடைய பெயராலேயே வழங்கப்பட்டன.

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள மண்டகப்பட்டில் இருப்பது சிறிய குடைவரைதான். முன்னால் இரண்டு தூண்களும் இரண்டு அரைத்தூண்களும், பின்சுவரில் மூன்று கருவறைகளும், முகப்பின் இரு கோடிகளில் தடியூன்றிய வாயிற்காவலர் இருவரும் உள்ளனர். இவற்றைத் தவிர அங்கே பார்ப்பதற்கு அதிகம் இல்லை. இதன் புகழுக்குக் காரணம், கிரந்த எழுத்தில் (வடமொழியை எழுதத் தமிழகத்தில் உருவான எழுத்து அது) பொறிக்கப்பட்ட ஒரே ஒரு வடமொழிச் செய்யுள். செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகிய நான்கும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் என்னும் அரசன் இக்கோயிலை எடுப்பித்தான் என்று அச்செய்யுள் அறிவிக்கிறது. கட்டடக்கலை வரலாற்றில் இத்தகைய அறிவிப்பு அரிது. கோயிலில் என்ன இருக்கிறது என்று சொல்லிப் பெருமைப்படும் அரசர்கள் பலர். எது இல்லை என்று பட்டியலிட்டுப் பெருமைப்பட்டவர் இவர். இல்லை என்று அவர் எண்ணிச் சொன்ன நான்கும் அன்றைய காஞ்சியின் கோயில்கள் எவற்றால் ஆகியிருந்தன என்பதற்கான சான்றாகவே அமைந்துவிட்டன.

அந்தக் கோயில்கள் எத்தனை என்பதற்கு ஓர் அயல்நாட்டுக் குறிப்பு உண்டு. ஏறத்தாழ 640இல் திராவிட நாட்டின் தலைநகரமான காஞ்சியை விவரித்த சீனப் பயணி யுவான் சுவாங், அங்கே நூறு அளவில் பௌத்தப் பள்ளிகளும், 10,000 பிக்குகளும், 80 தேவர் கோயில்களும், திகம்பர சமணர் பலரும் இருந்ததாக எழுதினார். எண்ணிக்கை பயணிக்கே உரிய தோராயமாக இருக்கலாம். ஆனால் அந்த 80 கோயில்களில் ஒன்றேனும் அக்காலத்துக் கட்டடத்தோடு இன்று நிற்கவில்லை. செங்கல்லும் மரமும் மழையில் கரைந்தன, கறையானுக்கு இரையாயின, அல்லது பிற்காலத்தவர் அவற்றைப் பிரித்துக் கல்லில் மாற்றிக் கட்டினார்கள். பிரித்துக் கட்டுவது அக்காலத்துக்கும் புதிதன்று. சமணத்திலிருந்து சைவத்துக்கு மாறிய மன்னன் சமணப் பள்ளியை இடித்துக் கொண்டுவந்து திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது; அம்மன்னன் மகேந்திரவர்மனே என்று பலர் கொள்வர். கதையின் வரலாற்று உண்மை எப்படியிருந்தாலும், ஒரு கோயிலைப் பெயர்த்து இன்னொன்று கட்டமுடியும் என்பது அன்றைய மக்களுக்கு இயல்பாகத் தெரிந்த செய்தி. குடைவரையை அப்படிப் பெயர்க்க வழியில்லை.

இவ்வளவு எளிய உண்மை அதற்கு முன் தமிழகத்தில் ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்ற கேள்விக்கு, பல்லவர் குடைவரைகளைப் பற்றி 1964இல் விரிவான நூல் எழுதிய தொல்லியல் அறிஞர் கே. ஆர். சீனிவாசன் ஒரு விடை தந்தார். கல் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இறந்தோருக்கு உரிய பொருளாக இருந்தது. பெருங்கற்காலத்துக் கல்திட்டையும் கற்பதுக்கையும், போரில் பட்ட வீரனுக்கு நட்ட நடுகல்லும் சாவோடு தொடர்புடையவை. ஆகவே மங்கலமான தெய்வ இல்லத்துக்குக் கல்லைப் பயன்படுத்தத் தயங்கினார்கள், மகேந்திரன் அத்தயக்கத்தை உடைத்தார் என்பது அவர் கருத்து. மகேந்திரனின் கருவறைகள் பலவற்றில் பாறையிலேயே செதுக்கிய மூலத்திருமேனி காணப்படாததையும் அவர் இதனோடு இணைத்தார். தெய்வ உருவம் சுதையாலோ மரத்தாலோ செய்யப்பட்டு, அல்லது பின்சுவரில் வண்ணத்தால் தீட்டப்பட்டு, வழிபடப்பட்டிருக்கவேண்டும் என்றார். வீடு கல்லாக மாறிய பிறகும் அதில் குடியிருந்த தெய்வம் சில காலம் பழைய பொருளிலேயே இருந்தது என்பது நம்பத்தகுந்ததே. வழிபாட்டு மரபு கட்டடத்தைவிட மெதுவாக மாறும்.

மகேந்திரனே முதல்வர் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டதில்லை. பிள்ளையார்பட்டிக் குடைவரையில் உள்ள வட்டெழுத்துச் சாயல் கொண்ட பழைய எழுத்தின் அமைப்பைக் கொண்டு, பாண்டிய நாட்டுப் பகுதியில் இம்முயற்சி முன்பே தொடங்கியிருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. கிருஷ்ணையாற்றங்கரையின் உண்டவல்லிக் குகைகளைப் பார்த்துத்தான் மகேந்திரன் இக்கலையைக் கொண்டுவந்தார் என்று புதுச்சேரியிலிருந்து பல்லவர் சின்னங்களைத் தேடித் திரிந்த பிரெஞ்சு ஆசிரியர் ழுவோ-துப்ரேய் எழுதினார். பின்வந்தோர் அதை முழுமையாக ஏற்கவில்லை. பல்லவரின் நேர்ப்பகைவரான சாளுக்கியர் வாதாபியில் 578ஆம் ஆண்டிலேயே மூன்றாம் குகையை முடித்து, அதில் ஆண்டையும் பொறித்திருந்தார்கள் என்பதை இங்கே நினைவில் கொள்வது நல்லது. பகைவன் நாட்டில் உள்ளது தன் நாட்டிலும் இருக்கவேண்டும் என்ற அரச ஆசை கலை வரலாற்றில் குறைத்து மதிப்பிடப்படும் காரணங்களுள் ஒன்று.

வாதாபியின் பாறை மணற்கல். எகிப்தில் நைல் நதிக்கரையில் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராமசேசு குடைவித்த அபு சிம்பெல் கோயிலும் மணற்கல்லே. மணற்கல் உளிக்கு இணங்கும். அதனால்தான் முகப்பில் ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்துக்கு அமர்ந்த கோலத்தில் நான்கு அரச உருவங்களைச் செதுக்கவும், மலைக்குள் ஏறத்தாழ 60 மீட்டர் ஆழத்துக்கு மண்டபங்களை அடுக்கிக்கொண்டு போகவும் எகிப்தியருக்கு முடிந்தது. தொண்டை மண்டலத்தின் குன்றுகளோ உறுதிமிக்க கருங்கல் வகைகள். பல்லாவரத்துப் பாறையின் இனத்துக்குச் சார்னோகைட்டு என்று புவியியலில் பெயர். கல்கத்தாவின் தொடக்ககால ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த இனத்தைச் சேர்ந்தது என்பதைக் கண்ட புவியியலாளர் தாமஸ் ஹாலந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பெயரைச் சூட்டினார். இவ்வளவு கடினமான கல்லில் வேலை செய்த பல்லவர் சிற்பிகள் ஆழத்தையும் உயரத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். மண்டகப்பட்டின் கருவறைகள் முகப்பிலிருந்து சில எட்டு தொலைவில் முடிந்துவிடுகின்றன. அரசனின் உருவமும் இக்குடைவரைகளின் முகப்பை ஆளவில்லை. சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று பெயர் பொறித்த அரச உருவங்கள் மாமல்லபுரத்து ஆதிவராகக் குகையில் தேவியருடன் இடம்பெறுவது உண்மையே. அங்கும் அவர்கள் சுவரோரத்தில் ஒதுங்கியே இருக்கிறார்கள். ராமசேசு தன் உடலை மலையில் செதுக்கி வைத்தார். மகேந்திரன் தன் பெயர்களைத் தூணில் வெட்டி வைத்தார்.

பாறையைக் குடையும் முறையை முடிந்த கோயில்களைவிட முடியாமல் நின்றுபோன கோயில்கள்தாம் தெளிவாகக் காட்டுகின்றன. மாமண்டூரின் மூன்றாம், நான்காம் குகைகளும், மாமல்லபுரத்தின் புலிப்புதர் மண்டபமும் அவ்வாறு பாதியில் விடப்பட்டவை. முதலில் சரிவான பாறையின் முகத்தைச் செங்குத்தாகச் செத்தித் தளமாக்கினார்கள். அத்தளத்தில் தூண்கள் நிற்கவேண்டிய இடங்களை ஒதுக்கிவிட்டு, இடைப்பட்ட பரப்பைச் சதுரச் சதுரமாகக் கட்டம் பிரித்து, கட்டங்களின் ஓரங்களை உளியால் ஆழமான வாய்க்கால்களாக வெட்டினார்கள். நான்கு புறமும் வெட்டுப்பட்டுப் புடைத்து நிற்கும் சதுரத் துண்டைத் தட்டிப் பெயர்த்தால் ஓர் அடுக்குக் கல் போய்விடும். மீண்டும் கட்டம், மீண்டும் வாய்க்கால், மீண்டும் பெயர்ப்பு. உட்புறத்தில் கூரை முதலிலும் தரை கடைசியிலும் உருவாயின. கொத்தனார் அடித்தளத்திலிருந்து மேலே போகிறார், குடைவரைச் சிற்பி மேலிருந்து கீழே இறங்குகிறார். கொத்தனாரின் பிழையை இடித்துத் திருத்திவிடலாம், சிற்பி தவறிச் செத்திய கல்லை ஒட்டவைக்க வழியில்லை. பாறையில் எதிர்பாராத விரிசல் தென்பட்டால் கூரைக்கோட்டை மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது வேலையையே கைவிடவேண்டும்.

இப்படி உருவான தூண்கள் உண்மையில் அதிகம் எதையும் தாங்கவில்லை. மேலே இருப்பது ஒரே பாறை. தூணை எடுத்துவிட்டாலும் கூரை பெரும்பாலும் நிற்கும். ஆனாலும் சிற்பி தூணைச் செதுக்கினார். அடியில் ஒரு சதுரம், நடுவில் எட்டுப்பட்டையாகச் செதுக்கிய 'கட்டு', மேலே மீண்டும் ஒரு சதுரம், சதுரங்களின் முகத்தில் சில இடங்களில் தாமரைப் பதக்கம் என்பது மகேந்திரன் காலத் தூணின் அடையாளம். தூணின் தலையில் இரு கைகளை நீட்டியதுபோல் பொதிகை உண்டு; மரக்கட்டடத்தில் உத்தரம் என்னும் நீள் விட்டம் வளையாமலிருக்கத் தச்சர்கள் வைக்கும் தாங்குகட்டை அது. பொதிகையின் அடிவளைவில் தரங்கம் எனப்படும் அலைவரிசையும், அதன் மேல் உத்தரமும், சில கோயில்களில் கூரை விளிம்பு வளைந்து இறங்கும் கபோதமும் அதில் கூடு எனப்படும் குதிரைலாட வடிவ வளைவும் செதுக்கப்பட்டுள்ளன. மரம் இல்லாமல் எடுத்ததாகப் பெருமைப்பட்ட கோயில்களில் ஒவ்வோர் உறுப்பும் மரக்கோயிலின் உறுப்பாகவே இருக்கிறது. அழிந்துபோன அந்த 80 கோயில்களின் தோற்றத்தை ஓரளவேனும் அறிய இன்று கிடைக்கும் ஆவணம் இந்தத் தூண்களும் பொதிகைகளுமே என்று சொன்னால் மிகையாகாது. சீயமங்கலத்தில் அரைத்தூணின் மேற்பகுதியில் ஒரு சிறு சதுரத்துக்குள் சிவபெருமான் ஆடுகிறார். ஆடல்வல்லான் வடிவத்துக்குக் கல்லில் கிடைக்கும் மிகப் பழைய எடுத்துக்காட்டுகளுள் ஒன்றான அது, தலையை நிமிர்த்திப் பார்க்காதவர் கண்ணில் படாது.

இக்குன்றுகளின் இருப்பிடத்தைக் கவனித்தால் ஏரிகள் தென்படுகின்றன. மகேந்திரவாடிக் கோயில் மலையில் குடைந்ததன்று. சமவெளியில் தனித்துக் கிடந்த ஒரு பெரும்பாறையை உட்குடைந்து ஆக்கியது. அங்குள்ள கல்வெட்டு, மகேந்திரபுரத்தில் மகேந்திர தடாகத்தின் கரையில் குணபரன் திருமாலுக்கு மகேந்திர விஷ்ணுகிருகம் என்னும் கோயிலை எடுத்தான் என்று கூறுகிறது. ஊர், ஏரி, கோயில் மூன்றுக்கும் ஒரே பெயர். ஓர் அரசன் ஏரி வெட்டி, அதன் பாசனத்தில் ஊர் அமைத்து, ஊருக்குக் கோயில் எடுத்தான் என்ற முழுத் திட்டமும் அந்தச் சிறு கல்வெட்டில் அடங்கியிருக்கிறது. அத்திட்டத்தில் கோயில் கடைசியாக வந்த உறுப்பு என்றே கொள்ளவேண்டும். ஏரி இல்லாமல் அங்கே ஊருக்கும் வழியில்லை, விளக்கெரிக்க நெய்க்கும் வழியில்லை.

காஞ்சிக்குத் தெற்கே பாலாற்றைக் கடந்து வந்தவாசிச் சாலையில் சென்றால் வரும் மாமண்டூரிலும் இதே அமைப்பு. தூசி மாமண்டூர் ஏரி அப்பகுதியின் பெரிய ஏரிகளுள் ஒன்று. பாலாற்றுத் தண்ணீரைப் பெறுவது. அதை ஒட்டிய தாழ்ந்த குன்றுத்தொடரின் கிழக்குச் சரிவில் நான்கு குடைவரைகள் வரிசையாக உள்ளன. முதல் குகையில் சிதைந்த நிலையில் உள்ள வடமொழிக் கல்வெட்டு, மத்தவிலாசத்தையும் 'பகவதஜ்ஜுகம்' என்ற மற்றொரு நகை நாடகத்தையும் குறிப்பிடுவதால் இலக்கிய வரலாற்றிலும் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. இரண்டாம் குகை மூன்று கருவறைகள் கொண்டது. சோழர் காலத்தில் உருத்திரவாலீசுவரம் என்று அழைக்கப்பட்டது. ஏரியின் பழம்பெயர் சித்திரமேக தடாகம் என்று சோழர் கல்வெட்டால் தெரியவருகிறது. 'மேகம்' என்று முடியும் விருதுப்பெயரை ஏரிக்குச் சூட்டுவது பல்லவர் வழக்கம் என்பதற்கு உத்திரமேரூரின் வயிரமேக தடாகம் இன்னொரு சான்று. மழையைச் சேர்த்து வைக்கும் நீர்நிலைக்கு மேகத்தின் பெயர்.

தொண்டை மண்டலத்து ஏரி என்பது பெரும்பாலும் மூன்று பக்கம் மேடான நிலத்தின் தாழ்வாயில் மண் கரை போட்டு மழைநீரையும் ஆற்றுக்கால் நீரையும் தேக்குவது. நீளமான மண்கரைக்கு எங்கேனும் ஒரு கல் குன்று கிடைத்துவிட்டால் அது இயற்கையே அமைத்துக்கொடுத்த முட்டு. வெள்ளக் காலத்தில் கரை உடையும் அச்சம் அந்தப் பக்கத்தில் குறையும், மிகைநீர் வெளியேறும் கலிங்கைப் பாறையின் மேலேயே அமைத்துக்கொள்ளலாம். ஆகவே ஏரிக்கு ஏற்ற இடம் பல நேரங்களில் குடைவரைக்கும் ஏற்ற இடமாகிவிடுகிறது. ஏரியையும் தன் பெயரையும் பிணைத்து வைக்க விரும்பிய அரசனுக்கு, கரையோரத்துக் குன்றைவிடச் சிறந்த பலகை கிடைத்திருக்காது. எல்லாக் குடைவரைகளுக்கும் இவ்விளக்கம் பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. திருச்சிராப்பள்ளியில் பல்லவனின் நோக்கம் காவிரிக்கரையில் தன் ஆட்சியின் தெற்கெல்லையை உயரத்திலிருந்து அறிவிப்பதாகவே தோன்றுகிறது. காஞ்சியைச் சுற்றிய கோயில்களுக்கோ ஏரி விளக்கம் நன்றாகவே பொருந்துகிறது.

அரசர் வகுத்த வழியில் அவருக்குக் கீழ்ப்பட்டோரும் நடந்தார்கள். செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள வல்லத்தில், மகேந்திரனுக்கு அடங்கிய வயந்தப்பிரி அரசரின் மகன் கந்தசேனன் ஒரு குடைவரை எடுத்து, அதைத் 'தேவகுலம்' என்று தமிழிலேயே எழுதிவைத்தார். பல்லவர் குடைவரைகளில் தமிழ்க் கல்வெட்டுக்கு மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் இது ஒன்று. மாமண்டூருக்கு அண்மையிலுள்ள குரங்கணில்முட்டத்தில் ஏழு கருவறைகளுடன் ஒரு குடைவரை உண்டு. ஊர் மக்கள் அதைப் பழங்காலத்தில் கல்மண்டகம் என்றார்கள். சம்பந்தரின் பாடல் பெற்ற அவ்வூர்ச் சிவன் கோயில் வேறு, இது வேறு; பாடல் பெற்றதில் பூசை தொடர, குடைவரை தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது. பல்லாவரத்துக் குடைவரை பிற்காலத்தில் முஸ்லிம்களின் தர்காவாக மாறியது. உத்தரங்களில் மகேந்திரனின் விருதுப்பெயர்கள் வரிசையாக இருக்க, அதன் கீழே வேறொரு சமயத்தின் வழிபாடு நடந்துவந்தது. இக்கோயில்களின் நீண்ட வாழ்வில் இது விந்தையான செய்தியும் இல்லை, வருந்தத்தக்க செய்தியும் இல்லை.

மகேந்திரனின் மகன் முதலாம் நரசிம்மவர்மன் 642இல் வாதாபியை வென்று மாமல்லன் எனப் பெயர் பெற்றார். மாமல்லபுரத்தின் குகைகளும், பாறையை உட்புறம் குடையாமல் வெளிப்புறம் செதுக்கி எடுத்த ஒற்றைக்கல் தளிகளான ரதங்களும் அவர் காலத்தவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டன, 1962இல் இரா. நாகசாமி அவை அனைத்தும் பிற்காலத்து இரண்டாம் நரசிம்மவர்மனாகிய ராஜசிம்மனுக்கே உரியவை என்று வாதிட்டபின் அவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. அவ்விவாதம் தனி நூலுக்குரியது. காஞ்சிக்கு வடக்கே கூரத்தில் கிடைத்த செப்பேடு இங்கே அதைவிட முக்கியமானது. மகேந்திரனின் கொள்ளுப்பேரனான முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்ட அச்செப்பேடு, பரமேசுவர தடாகம் என்னும் ஏரியையும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொண்டுவரும் பெரும்பிடுகு காலையும், அவ்வூரில் எடுத்த சிவன் கோயிலையும், கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கான ஏற்பாட்டையும் ஒரே மூச்சில் பேசுகிறது. அத்துடன், கோயிலும் மண்டபமும் கட்டச் சூளை போடுவதற்கென்று நிலம் வாங்கியதையும் குறிக்கிறது. செங்கல் இல்லாத கோயில் என்று முப்பாட்டன் பறைசாற்றி ஏறக்குறைய 70 ஆண்டுகளுக்குள் சூளை திரும்பிவந்துவிட்டது. கூரத்தில் ஏரியும் ஊரும் கோயிலும் மகேந்திரவாடியைப் போலவே சேர்ந்திருந்தன. பாறை மட்டும்தான் இல்லை. பாறை இருக்கும் இடத்தில் கோயில் எடுக்கும் முறையிலிருந்து, கோயில் வேண்டிய இடத்துக்குப் பொருளைக் கொண்டுபோகும் முறைக்குப் பல்லவர் மாறியது இந்தத் தலைமுறையில்தான்.

அம்மாற்றம் முழுமை பெற்றது காஞ்சிபுரத்துக்கு உள்ளேயே. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் நரசிம்மவர்மனாகிய ராஜசிம்மன் எடுத்த கைலாசநாதர் கோயில், அடிப்பகுதிக்குக் கருங்கல்லும் மேலே மணற்கல்லும் கொண்டு அடுக்கிக் கட்டிய கற்றளி, அதாவது கற்களை வெட்டிக் கொணர்ந்து கட்டும் கோயில். திருச்சுற்றில் வரிசையாக 58 சிறு சன்னிதிகள். அவற்றின் முன்புறத்தில் ஏறத்தாழ 250 விருதுப்பெயர்கள் பலவகை எழுத்து வடிவங்களில் வெட்டப்பட்டுள்ளன. பெயர் வெட்டும் பழக்கம் மகேந்திரனிடமிருந்து குறையாமல் இறங்கிவந்திருக்கிறது. நுழைவாயிலுக்கு முன்னுள்ள சிறு கோயில்களில் ஒன்றை அரசி ரங்கபதாகை எடுப்பித்தார். சன்னிதிகளின் உட்சுவர்களில் பல்லவர் கால ஓவியத்தின் எச்சங்களை 1931இல் கண்டறிந்தவர் முன்னர்க் கூறிய ழுவோ-துப்ரேயே. மணற்கல் செதுக்குவதற்கு இணங்கியதால் சிற்பிகள் சுவரில் ஓர் அங்குலத்தையும் வெறுமையாக விடவில்லை. அதே காரணத்தால் மழையும் காற்றும் அதை எளிதில் தின்றன, பிற்காலத்தார் சிதைந்த உருவங்களின் மேல் மீண்டும் மீண்டும் சுதை பூசினார்கள். மண்டகப்பட்டு வாயிற்காவலர்க்கு அந்தப் பூச்சு தேவைப்படவில்லை.

குடைவரையிலிருந்து கற்றளிக்கு என்ற இந்தப் பயணத்தை முன்னேற்றம் என்று பாடநூல்கள் எழுதுவதுண்டு. அதை மறுக்கும் செய்தியும் காஞ்சியிலிருந்தே புறப்படுகிறது. ஏறத்தாழ 740ஐ ஒட்டிக் காஞ்சியைக் கைப்பற்றிய சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதைக் கவராமல் தெய்வத்துக்கே திருப்பியளித்ததாகக் கன்னடத்தில் அக்கோயில் தூணிலேயே எழுதிவைத்தார். அவருடைய அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எடுத்த விரூபாட்சர் கோயில் காஞ்சிக் கோயிலின் சாயலைத் தாங்கியது. அதற்குப் பின் இராட்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் எல்லோராவில் மலையையே மேலிருந்து கீழே செதுக்கி எடுத்த கைலாசம், விரூபாட்சரைப் பின்பற்றியது என்பது அறிஞர் பலர் கருத்து. மரத்தைப் பார்த்துப் பாறையும், பாறையைப் பார்த்துக் கட்டுக்கல்லும், கட்டுக்கல்லைப் பார்த்து மீண்டும் பாறையும் என்று வடிவம் சுற்றிவந்திருக்கிறது. தொழில்நுட்பத்தில் முன் பின் என்ற ஒற்றை வரிசை இங்கே செல்லாது.

நகருக்குள் வந்த கோயிலுக்குக் குடைவரைக்குக் கிட்டாத ஒன்று கிட்டியது. அது நிர்வகிக்க மனிதர். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் உத்தமசோழன் வெளியிட்ட செப்பேட்டின்படி, கச்சிப்பேடு எனப்பட்ட காஞ்சியில் ஊரகத்துப் பெருமாள் கோயிலின் வரவு செலவுகளைக் கவனிக்கும் பொறுப்பு நகரின் நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலிகள் என்னும் நெசவாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அரச குடும்பத்துக்கு ஆடை நெய்தவர்கள் கோயில் முதலைக் காத்து, வட்டியைக் கணக்கிட்டு, திருவிழாச் செலவை நடத்தினார்கள். நெசவும் கோயிலும் காஞ்சியில் இன்றும் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதற்கு இத்தகைய பழைய ஏற்பாடுகள் பின்புலம். ஏரிக்கரைக் குன்றுகளில் அத்தகைய கூட்டம் இல்லை. ஊர் இடம் மாறினால் குடைவரை தனித்துவிடும். மாமண்டூரில் சோழர் கல்வெட்டுகளுக்குப் பிறகு கோயிலின் குரல் மெல்லத் தேய்ந்துபோவதற்கு இதுவே காரணமாகலாம். ஏரியோ தனித்துவிடவில்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்த முறையை விரிவாகச் சொல்கின்றன. தண்ணீருக்கு எப்போதும் உரிமை கொண்டாட ஆள் இருந்தது.

அபு சிம்பெலின் பிற்கால வரலாறு இதற்கு நேர்மாறான ஒரு நிலையைக் காட்டுகிறது. அசுவான் உயர் அணை தேக்கிய நீரில் மூழ்கவிருந்த அக்கோயிலை, 1964 முதல் 1968 வரை யுனெசுகோவின் முயற்சியில் துண்டு துண்டாக அறுத்து, ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் பொருத்தினார்கள். அங்கே நீர்த்தேக்கம் கோயிலை அதன் மலையிலிருந்து பெயர்த்தது. காஞ்சியைச் சுற்றிய குன்றுகளில் நீர்த்தேக்கமும் கோயிலும் ஒரே அரசனின் ஆணையில் பிறந்து, 1400 ஆண்டுகளாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன. இன்றைய நிர்வாகம் மட்டும் அவற்றை இரு கோப்புகளாகப் பிரித்துவிட்டது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானத்துக்கும் சுரங்கத்துக்கும் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்று தொல்லியல் சின்னங்கள் பற்றிய மத்திய சட்டம் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி வரையறுக்கிறது; அத்தொலைவு பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து அளக்கப்படுவது. கரையும் கலிங்கும் மதகும் மாநில நீர்வளத்துறையின் பொறுப்பு. மகேந்திரவாடிக் கல்வெட்டில் ஒரே செய்யுளுக்குள் நிற்கும் தடாகமும் கோயிலும் ஒரே பாதுகாப்பு வரைபடத்துக்குள் வரவேண்டுமானால், சின்னம் என்பதன் எல்லையை ஏரிக்கரை வரை நீட்டும் அளவீடு முதலில் நடக்கவேண்டியிருக்கும்.